தபோதரனின் தூள் பார்சல்

தபோதரன் செத்துப்போக வேண்டும் என்று யோகம் ஒருநாளும் நினைத்ததில்லை. செத்துப்போனவனுக்கு என்ன தெரியும்? அவன் உயிரோடு இருக்க வேண்டும், நாலு பேர் பார்க்க அவன் முகம் கறுக்க வேண்டும், அந்த நாலு பேரில் தானும் ஒருத்தியாக நிற்க வேண்டும். ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு இரண்டு வருடமாக அவள் நினைத்ததெல்லாம் இதைத்தான். கோபம் கூடிய நாட்களில் கத்தி ஆழமாக இறங்கிக் கிழங்கு பாதியாகிவிடும், மேற்பார்வைக்கு நிற்கிற ஜெர்மன்காரி முணுமுணுப்பாள்.

ஹனோவர்த் தமிழரில் தபோதரனைத் தெரியாதவர் இல்லை. உடற்பயிற்சிக்கூடம் வைத்திருக்கிறான். தமிழ் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவன். வருடாவருடம் விளையாட்டு விழாவுக்கு ஒரு அளவு சின்னச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மைக்கைப் பிடித்து, உடம்புதான் கோயில் என்று அரை மணித்தியாலம் பேசுவான். அவனுடைய கூடத்தில் சேர்ந்த பெடியள் ஒரு குளிர்காலம் போவதற்குள் ஊதிப்போவார்கள். முதுகெல்லாம் பரு வரும், சும்மா ஒரு சொல்லுக்கும் அடிக்க எழும்புவார்கள். சத்துமா குடிக்கிறான்கள் என்று தாய் தகப்பன் நினைத்தார்கள். அப்படி நினைப்பதுதான் அவர்களுக்கும் வசதி.

அது ஸ்டீரொய்ட். ஆணுடைய உடம்பில் தானாகச் சுரக்கிற ஒன்றைத் தொழிற்சாலையில் செய்து, குளிசையாகவும் ஊசிமருந்தாகவும் அடைத்து விற்கிறார்கள். டாக்டர் துண்டு எழுதினாலொழிய ஜெர்மனியில் எந்த மருந்துக்கடையும் அதைத் தராது. வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுத்தால், சோல் என்று எங்கள் ஆட்கள் சொல்கிற சுங்கப்பகுதி பெட்டியை உடைத்துப் பார்க்கும். தபோதரன் யோசித்தான். சுங்கம் பெட்டியை உடைக்கலாம், நாயை விட்டு மோப்பம் பிடிக்கலாம், ஆனால் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் முகத்தாட்சணியத்தை அவர்களால் சோதிக்க முடியுமா? அந்த வழியாகத்தான் அவன் மருந்து கொண்டுவந்தான்.

கொழும்புக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வழி தெரியும். தராசடியில் அரைவாசிச் சனம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருக்கும். ஒருவருக்கு நாலு கிலோ கூட, மற்றவருக்கு ஐந்து கிலோ குறைய. முன்பின் தெரியாதவர்கூட, அக்கா இதைக் கொஞ்சம் வையுங்கோ என்று ஒரு பார்சலை நீட்டுவார். மறுப்பது மரியாதை இல்லை. துணியில் பொதிந்து தைத்த பார்சலைப் பிரித்துப் பார்ப்பது அதைவிடக் கேவலம், கொடுத்தவரின் தாயைக் கள்ளி என்று சொன்ன மாதிரி. யாராவது அதிகாரி கேட்டால் மட்டும் ஒரே பதில்: எல்லாம் என்னுடையது, நானே அடுக்கினேன். வேறு ஏதும் சொன்னால் பெட்டி முழுவதையும் கொட்டிக் கிண்டுவார்கள் என்று முதல் பயணத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன், தமையனின் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போய்த் திரும்பியபோது, யோகம் பிடிபட்டது இப்படித்தான். அதே விமானத்தில் வந்த தபோதரன் தராசடியில் வந்து சிரித்தான். "அக்கா, அம்மா தூள் இடிச்சுத் தந்தவ. என்ரை பெட்டி பாரம் கூடிப்போச்சு. உங்கடை பெட்டிக்கை கொள்ளுமே?"

"உதென்ன கேள்வி தம்பி, தாங்கோ" என்று வாங்கி, சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள்.

ஹனோவரில் பெட்டி எடுத்துக்கொண்டு வெளியேறும்போது ஒரு சுங்க அதிகாரி அவளை மறித்தார். எல்லாம் உங்களுடையதா, நீங்களே அடுக்கினீர்களா என்று ஜெர்மனில் கேட்டார். "யா, யா. அலெஸ் மைன்ஸ்" என்றாள். எல்லாம் என்னுடையதுதான். அவர் பார்சலின் தையலை வெட்டினார். வறுத்த மிளகாயும் மல்லியும் கிளம்பி, பக்கத்தில் நின்ற பெண் அதிகாரிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தூளுக்கு நடுவிலிருந்து பொலித்தீனில் சுற்றிய குளிசைப் பட்டைகளும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் வந்தன. தும்மி முடித்த பெண், குப்பியில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, யோகத்தின் புயத்தைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது, சீனிவருத்தம், பருத்திச் சேலை. இந்த உடம்பில் எந்தத் தசையை வளர்க்க இவ்வளவு மருந்து என்று அவளுக்கும் விளங்கியிராது.

தபோதரன் அப்போதுதான் தள்ளுவண்டியோடு அந்த மேசையைக் கடந்தான். யோகம் "தம்பி!" என்று கூப்பிட்டாள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்விட்டான்.

பிறகு அவள் ஆயிரம் தரம் உண்மையைச் சொன்னாள். சட்டத்தரணியாக இருக்கிற மைதிலி, இங்கேயே பிறந்து படித்த பிள்ளை, தலையில் கை வைத்தாள். "அன்ரி, முதல் கேள்விக்கே எல்லாம் என்னுடையது எண்டு சொல்லிப்போட்டியள். அவர் அதை எழுதிப்போட்டார். இனி மாத்திச் சொன்னால் பொய் சொல்லுறியள் எண்டுதான் நினைப்பினம்."

"அது குளிசைதானே பிள்ளை. கஞ்சாவோ?"

"இந்தச் சாமானுக்கு ஒரு கோடு போட்டு வச்சிருக்கினம் அன்ரி. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அளவு. கோட்டுக்குக் கீழை வச்சிருந்தால் உங்கடை உடம்பு, உங்கடை பாடு. கோட்டுக்கு மேலை போனால் அது குற்றம். உங்கடை பெட்டிக்கை இருந்தது ஒரு ஜிம்முக்கே காணும்."

யோகத்தின் புருசன் சிவகுருநாதன் அதிகம் பேசாத மனிதர், ஆனால் மனைவிக்காகத் தபோதரனுடைய கூடத்துக்குப் போனார். அவன் பெரிய ஆட்கள் வந்தால் வைக்கிற நாற்காலியில் அவரை இருத்தி, ஏதோ சத்துத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பெடியள் எல்லாம் கேட்க உரத்த குரலில் சொன்னான். "அண்ணை, நான் குடுத்தது தூள். அக்கா அதுக்கை என்னத்தை வச்சு எங்கை விக்கப் பாத்தாவோ, எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் வீட்டிலை கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்."

அந்த மனிதர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கவனிச்சிருக்கலாம் என்ற சொல்லை யோகத்திடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிடிபட்டதை அவள் விதி என்று விட்டிருப்பாள். தண்டம் கட்டியதையும் பொறுத்திருப்பாள். முப்பது வருடம் இந்த நாட்டில் உழைத்து, ஜெர்மன் குடியுரிமைக்குப் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், தீர்ப்பால் திரும்பி வந்ததை நினைத்து நாலு நாள் அழுதாள், அதோடு விட்டாள். ஆனால் அவன் அவளை வியாபாரியாக்கி ஊருக்குச் சொன்னான். கதை கோயில்வரைக்கும் வந்தது. பிரசாத வரிசையில் நின்ற ஒருத்தி, கேலி என்றும் தெரியாமல் நிசமென்றும் தெரியாமல், "யோகமக்கா, உங்களிட்டை மெலியிற குளிசையும் இருக்கோ?" என்று கேட்டாள். அன்றைக்கு யோகம் பிரசாதம் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். அவனை விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள்.

பலநாள் கள்ளன் ஒருநாள் அகப்படுவான் என்று சொல்லுவார்கள். யாரும் பிடிக்காவிட்டால் அவன் எப்படித் தானாக அகப்படுவான்? யோகம் அந்த வேலையைக் கடவுளிடம் விட்டு வைக்கவில்லை.

முதலில் முகத்தை மாற்றினாள். விளையாட்டு விழாவுக்கு அண்டா நிறைய வடை சுட்டுக்கொண்டு போனாள். தபோதரன் கண்டதும் கொஞ்சம் திகைத்தான். "முடிஞ்சதைப் பற்றி என்ன தம்பி கதை? என்ரை கிரகம்" என்று அவளே சொல்லி, இரண்டு வடை கூடுதலாக வைத்தாள். அவன் தின்றான். இப்படியான ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. தான் மிதித்தவன் எழும்பி நின்று சிரித்தால், மிதித்தது சரிதான் என்று நினைப்பார்கள். ஆறு மாதத்தில் அவன் அவளைக் கண்ட இடமெல்லாம், "எங்கடை அக்கா" என்று தோளில் கைபோடத் தொடங்கினான். அந்தத் தோளை அவள் வீட்டில் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

சிரித்துச் சிரித்தே விபரம் சேர்த்தாள். தபோதரனின் தாய் பல வருடமாகக் கனடாவில் மகளோடு இருக்கிறா. யாழ்ப்பாணத்தில் அவனுக்குத் தூள் இடிக்க உரலும் இல்லை, ஆளும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாவுக்கும் அவன் போனான், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தரின் பெட்டியில் அம்மாவின் தூள் வந்தது. யோகம் பிடிபட்ட பிறகும் அவன் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்த வேண்டும்? போனது ஒரு பார்சல். வழக்கு வேறு ஆளுக்கு.

இந்த வருடம் அகப்பட்டவ பாலாம்பிகை. எழுபது தாண்டின மனுசி, புருசன் இல்லை, கோயிலில் பூமாலை கட்டுகிறவ. "தபோத் தம்பி தங்கமான பிள்ளை" என்று மாலை கட்டிக்கொண்டே யோகத்துக்குச் சொன்னா. "நான் தனியப் பயணம் போகப் பயந்தனான். தன்னோடை வரச்சொல்லி ரிக்கெற்றும் எடுத்துத் தந்திட்டார். வரேக்கை தாயின்ரை தூள் கொஞ்சம் கொண்டு வரவேணுமாம். இதுவும் ஒரு உதவியோ?"

யோகம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுசி தப்பியிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் பாலாம்பிகை நேரே போய் அவனிடமே கேட்பா, அவன் வேறு ஆளைப் பிடிப்பான். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் தூண்டில் போடுகிறவன் புழுவைப் பார்த்து இரங்குவதில்லை என்பதும் உண்மை. யோகத்துக்கு மீன் வேண்டும். அவள் அன்றைக்கே போய் அவர்கள் திரும்புகிற அதே விமானத்துக்கு ரிக்கெற் எடுத்தாள்.

சிவகுருநாதனுக்கு விளங்கிவிட்டது. "உனக்கென்ன விசரே? ரண்டாந்தரம் அந்தச் சாமானோடை உன்னைக் கண்டால் தண்டத்தோடை விடமாட்டாங்கள். மைதிலிப் பிள்ளை என்ன சொன்னவ? உள்ளுக்கை போடுவாங்கள்."

"நான் கொண்டுவர மாட்டன்."

"பின்னை ஆர் கொண்டுவாறது?"

"அவனே கொண்டுவரட்டும்" என்றாள் யோகம். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவள் இந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தரம்.

திருவிழா முடிந்தது. கட்டுநாயக்காவில் தராசடி வழக்கம்போலக் கலகலத்தது. யோகம் வேண்டுமென்றே நேரத்தோடு வந்து தூணோரம் நின்றாள். தபோதரன் தன் நீலப் பெட்டியைத் திறந்து, துணியில் தைத்த ஒரு பார்சலை எடுத்து, பாலாம்பிகையின் பெட்டிக்குள் வைத்ததைக் கண்ணால் கண்டாள். பிறகு தன் பெட்டியைப் பூட்டாமல் பட்டியை மட்டும் இழுத்துக் கட்டினான். அப்போதுதான் யோகத்தைக் கண்டான்.

"எங்கடை அக்கா! நீங்களும் இதிலையே?"

"ஓம் தம்பி. நல்ல காலம், தெரிஞ்ச முகமாய் நீங்கள் நிக்கிறியள்."

"அப்ப பெட்டியளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்." ஒரு பேச்சுக்குக்கூட உங்களுக்கும் வேணுமோ என்று கேட்காமல் நடந்தான்.

அவன் மறையும்வரைக்கும் யோகம் பார்த்து நின்றாள். பாலாம்பிகையின் பக்கத்தில் குந்தினாள். "அக்கா, உங்கடை பெட்டி பாரம் கூடிக் கிடக்கு. தராசிலை வச்சால் பிடிப்பாங்கள்."

"ஐயோ பிள்ளை, என்ன செய்யிறது?"

"அந்தத் தூள் பார்சலைத் தாங்கோ. தம்பியின்ரை பெட்டியிலை இடம் கனக்கக் கிடக்கு. அவற்றை சாமான்தானே. அவருக்கு நானே சொல்லுறன்."

மனுசி உடனே எடுத்துக் கொடுத்தா. யோகம் வாங்கி, ஒரு நிமிடம் மடியில் வைத்து விரலால் அமத்திப் பார்த்தாள். மேலே தூள் பொதபொதவென்று இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. கெட்டியாக, விளிம்பு விளிம்பாக ஏதோ நின்றது. இரண்டு வருடமாக அவள் கனவில் தடவிப் பார்த்தது இதைத்தான். இப்போது யாராவது தோளில் தட்டினால், கையோடு பிடிபடுவது தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். பொலிஸ்காரன் ஒருவன் பத்தடி தள்ளி நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அவள் பட்டியைத் தளர்த்தி, அவனுடைய காற்சட்டைகளுக்குக் கீழே, அடிவரைக்கும் பார்சலைத் தள்ளி, மூடிக் கட்டினாள். பட்டியை இரண்டு தரம் இழுத்து இறுக்கினாள். பயத்தில் பாதி, ஆசையில் பாதி.

தபோதரன் வந்தான். அவனுடைய பெட்டி தராசில் ஏறியது. பாரம் சரியாகத்தான் இருந்தது, அவனுக்கு எப்போதுமே இடம் மிச்சம். அவன் பெயர் அச்சடித்த நீளத் துண்டைக் கைப்பிடியில் ஒட்டி, பெட்டி உள்ளே போகும்வரைக்கும் யோகம் கண் எடுக்கவில்லை. விமானத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பாலாம்பிகை, பயணம் முழுவதும் தேவாரம் முணுமுணுத்தா. யோகமும் சேர்ந்து பாடினாள். என்ன வேண்டிப் பாடினாள் என்று சாமிக்குத் தெரியும், அதனால் அது காதைப் பொத்தியிருக்கும்.

இஸ்தான்புல்லில் மாறி ஹனோவரில் இறங்கியபோது மத்தியானம். யோகம் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள். வெளியே போக இரண்டு வழி. காட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை, காட்ட வேண்டியவர்களுக்குச் சிவப்பு. எங்கள் சனம் சிவப்புப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. யோகம் நேரே சிவப்புக்குள் போய், நரைத்த மீசையோடு நின்ற அதிகாரியின் முன் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"என் பெட்டியைத் திறந்து பாருங்கள்" என்றாள் ஜெர்மனில். "முன்பொருமுறை இதே இடத்தில், எல்லாம் என்னுடையது என்று பொய் சொன்னேன். அது வேறு ஒருவருடையது. அவர் இப்போது வருகிறார். கறுப்புச் சட்டை, நீலப் பெட்டி. அவரையும் கேளுங்கள்."

முப்பது வருடம் சமையலறைகளில் பொறுக்கிய ஜெர்மன். இலக்கணம் நொண்டும், ஆனால் ஒரு சொல்லும் சிந்தாது. அதிகாரி அவளைப் பார்த்தார், உள்ளே யாரையோ கூப்பிட்டார். இளவயதுப் பெண் அதிகாரி ஒருத்தி பச்சை வழிக்குப் போனாள். பாலாம்பிகை அதற்குள் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போய்விட்டா. அவவுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் விட்டு வந்த தபோதரன், பெண் அதிகாரி கை காட்டியதும் நின்றான். யோகத்தைக் கண்டதும் விளங்கிக்கொண்டான். விளங்கியதும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்லுவது! சாமான் பத்திரமாக வெளியே போய்விட்டது, இந்த மோட்டு மனுசி ஆள் மாறி மறித்துவிட்டாள் என்ற சந்தோசம் அவனுக்கு. பெட்டியைத் தானே மேசையில் தூக்கி வைத்தான், புயம் தெரியத்தான். நல்ல ஜெர்மனில், "இந்த அம்மாவுக்கு என்னோடு பழைய மனத்தாங்கல். பாவம், பெரிசாக எடுக்காதீர்கள்" என்று அதிகாரிக்கு விளக்கினான்.

"எல்லாம் உங்களுடையதுதானே?" என்றார் மீசைக்காரர்.

"எல்லாம்."

"நீங்களே அடுக்கியதா?"

"வேறு யார் அடுக்குவது? நானேதான்."

யோகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி காற்சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பார்சல் வந்தது. தபோதரனுடைய சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கண் மட்டும் அதைவிட்டுப் போய்விட்டது. கத்தி தையலில் இறங்கியது. மணம் கிளம்பியது. தூளை ஒதுக்கிப் பார்த்த அதிகாரி பட்டைகளை எடுத்தார், குப்பிகளை எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். பெண் அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டாள். மைதிலி சொன்ன கோட்டை அந்த மேசையில் கீறினால், இந்தக் குவியல் அதற்கு எவ்வளவோ மேலே நின்றது.

தபோதரன் கத்தினான், ஜெர்மனை மறந்து. "இதை நான் பாலாம்பிகைக் கிழவியின்ரை பெட்டிக்கையெல்லோ வச்சனான்! இது எப்பிடி என்ரை பெட்டிக்கை வந்தது? அடியே, நீதானே நிண்டனி? நீதானேடி மாத்தினது?"

"எங்கடை அக்கா", "அடியே" ஆன அந்த ஒரு சொல்லுக்காகவே யோகம் இன்னும் இரண்டு வருடம் காத்திருப்பாள்.

மீசைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

தமிழில் கத்திய வாய்க்கு அப்போதுதான் உறைத்தது. தபோதரன் அவளைப் பார்த்தான். குரல் தணிந்தது. "அக்கா. அக்கா, வேண்டாம். சொல்லாதேங்கோ. என்ன வேணுமெண்டாலும் செய்யிறன். கோயிலிலை வச்சு எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். அவனுடைய மன்னிப்பைப் பற்றியல்ல. ஒன்றும் விளங்கவில்லை, கோபத்தில் ஏசுகிறார் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போகலாம். சாமான் அவன் பெட்டியில், அவன் பெயரில். ஆனால் பிறகு அவன் ஆறியிருந்து ஒரு கதை கட்டுவான். யாரோ வைத்தார்கள், எனக்குத் தெரியாது என்பான். அவளைப்போல ஏமாளி அல்ல அவன், நல்ல சட்டத்தரணி பிடிப்பான், தப்பினாலும் தப்புவான். அவன் இப்போது கத்தியதை முழுவதும் சொன்னால் தப்ப முடியாது. முழுவதும் சொன்னால், மாற்றியது யார் என்பதும் அதில் வரும். அவள் பெயரில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அந்தப் பார்சலை ஒரு நிமிடம் மடியில் வைத்திருந்தவளும் அவள்தான். குடியுரிமைக்கு இனி ஒருகாலமும் அன்ட்ராக் போட முடியாமல் போகலாம். சிவகுருநாதன் சொன்னதுபோல உள்ளேயும் போடலாம்.

அவனைப் பார்த்தாள். அந்த விரிந்த நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"அவர் சொல்கிறார்," என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஜெர்மனில் தொடங்கினாள், "இதை நான் பாலாம்பிகை என்கிற வயதான பெண்ணின் பெட்டியில் வைத்தேன் என்கிறார். அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. இது எப்படி என் பெட்டிக்கு வந்தது, நீதானே மாற்றினாய் என்று என்னைக் கேட்கிறார். இப்போது, சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறார்."

"பொய்! அவள் பொய் சொல்கிறாள்!" என்று தபோதரன் ஜெர்மனில் அலறினான். பெண் அதிகாரி அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். அவன் இருக்கவில்லை. இரண்டாந்தரம் சொன்னாள், இருந்தான்.

"மாற்றியது நீங்களா?" என்றார் மீசைக்காரர்.

"நான்தான். கொழும்பில், தராசடியில், அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம். அவருடைய சாமானை அவருடைய பெட்டியிலேயே வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தரம் நான் ஒன்றையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்."

அவர் எழுதினார். எழுதி முடித்து, இதனால் உங்களுக்கும் சிக்கல் வரலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். நீங்களும் உள்ளே வந்து விபரமாகச் சொல்ல வேண்டும், நேரம் எடுக்கும், விரும்பினால் சட்டத்தரணியைக் கூப்பிடலாம் என்றார். அவள் தலையாட்டினாள். தபோதரனின் கையிலிருந்து போனை வாங்கி ஒரு பையில் போட்டார்கள். அவன் தலை குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறானா என்று பார்க்க யோகம் கொஞ்சம் சரிந்து பார்த்தாள். அழுதுகொண்டுதான் இருந்தான்.

வெளியே வந்து நின்ற சிவகுருநாதனுக்கு அவள் போன் எடுத்தாள்.

"எங்கை நிக்கிறாய்? பாலாம்பிகை அக்கா வந்திட்டா, உன்னைக் காணேல்லை. தபோதரனையும் காணேல்லையாம். என்ன நடந்தது?"

"அவனைப் பிடிச்சிட்டாங்கள். என்னையும் இருக்கச் சொல்லுறாங்கள்."

"ஐயோ, உன்னையுமோ? மைதிலிப் பிள்ளையைக் கூப்பிடவோ? ஏதும் சொல்லி, இப்பவே வெளியிலை வர ஏலாதே?"

"பிள்ளையைக் கூப்பிடுங்கோ. ஆனால் அவசரமில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் யோகம். "நீங்கள் அக்காவைக் கொண்டுபோய் வீட்டிலை விடுங்கோ, மனுசி களைச்சுப்போய் நிக்கும். இவனை விலங்கு போட்டுக் கொண்டுபோறதை நான் இருந்து பாத்திட்டுத்தான் வருவன்."